இரண்டரை விநாடித் தாளம்

1987-ஆம் ஆண்டு நியூயோர்க்கில் 'ஐ நோ யூ கொட் சோல்' என்றொரு ஹிப் ஹொப் பாட்டு இசைத்தட்டாக வந்தது. எரிக் பி., ராக்கிம் என்ற இரண்டு இளைஞர்களின் பாட்டு அது. எரிக் பி. இசைத்தட்டுகளை இயக்குபவர், ராக்கிம் சொல் கட்டுபவர். பாட்டைத் தாங்கி நிற்கும் மேளம் இருவரில் எவரும் வாசித்ததல்ல. அது 1981-இல் வந்த ஃபங்கடெலிக் குழுவின் 'யூ வில் லைக் இட் டூ' பாட்டிலிருந்து வெட்டி எடுத்தது. தலைப்பும் இசைத் துணுக்குகளும் இன்னொருவரிடமிருந்து வந்தவை: 1971-இல் பாபி பேர்ட் பாடி, ஜேம்ஸ் பிரவுன் தயாரித்த சோல் பாட்டு. அதன் பெயரும் 'ஐ நோ யூ கொட் சோல்' தான்.

பழைய துணுக்குகளை ஒட்டினால் பழைய பாட்டுத்தானே கேட்க வேண்டும்? இங்கே கேட்பது முற்றிலும் புதிய ஒன்று. அதே ஆண்டு இங்கிலாந்தில் மார்ஸ் என்ற குழு, ராக்கிமின் குரலில் ஒரு சிறு துண்டை இந்தப் பாட்டிலிருந்து வெட்டியது. அதை வைத்து 'பம்ப் அப் தி வொல்யூம்' என்ற பாட்டைக் கட்டி அந்நாட்டுத் தரவரிசையில் முதலிடம் பிடித்தது. இரவல் வாங்கிய பாட்டே சில மாதங்களில் இரவல் கொடுக்கும் பாட்டாகிவிட்டது. இது எப்படி நடக்கிறது என்பதில் இயற்பியல், கணிதம், மூளையின் இயல்பு மூன்றும் சேர்ந்திருக்கின்றன. இலங்கையின் இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் தப்பு மேளம் அடித்தவர்களின் பேரப்பிள்ளைகளாகிய நமக்கும் இதில் ஒரு வேலை இருக்கிறது.

சோல் இசை அமெரிக்கக் கறுப்பின மக்களின் தேவாலயப் பாட்டிலிருந்து 1950-களில் கிளைத்தது. ஒருவர் குரல் கொடுக்க மற்றவர்கள் சேர்ந்து பதில் சொல்வது, உணர்ச்சி மேலிட்டால் சொல்லை விட்டுவிட்டு ஒலியிலேயே நிற்பது போன்ற வழக்கங்கள் அங்கிருந்து வந்தவை. ஜேம்ஸ் பிரவுன் அதில் ஒரு திருப்பத்தை உண்டாக்கினார். மெட்டைப் பின்னுக்குத் தள்ளித் தாளத்தை முன்னுக்குக் கொண்டுவந்தார். கிட்டார், ஊதுகருவி, குரல் எல்லாமே மேளம்போல அடி வைக்கத் தொடங்கின. இளவயதில் சிறையிலிருந்த பிரவுன் 1952-இல் வெளியே வரத் துணை நின்றது பாபி பேர்டின் குடும்பம். இருவரும் பல ஆண்டுகள் ஒரே மேடையில் நின்றார்கள்.

இத்தகைய சோல் இசைத்தட்டுகள் பலவற்றில் பாட்டும் மற்றக் கருவிகளும் ஓய்ந்து மேளம் மட்டும் தனியே ஓடும் சில விநாடிகள் இருக்கும். அதற்கு 'பிரேக்' என்று பெயர். நடனமாடுபவர்கள் அந்த இடத்துக்காகத்தான் காத்திருக்கிறார்கள் என்பதைக் கண்டுகொண்டவர், ஜமைக்காவிலிருந்து குடியேறிய கிளைவ் கேம்பல் என்ற கூல் ஹெர்க். 1973 ஓகஸ்ட் 11 அன்று நியூயோர்க்கின் பிரொங்ஸ் பகுதியில், செஜ்விக் அவெனியூ 1520-ஆம் இலக்கக் கட்டடத்தில், அவருடைய தங்கை ஏற்பாடு செய்த விருந்தில் ஹெர்க் தட்டு ஓட்டினார். ஹிப் ஹொப்பின் பிறந்த நாளாக அதைத்தான் கொண்டாடுகிறார்கள். ஒரே தட்டின் இரண்டு பிரதிகளை இரண்டு சுழல்மேடைகளில் வைப்பது அவர் வளர்த்தெடுத்த முறை. முதல் தட்டில் பிரேக் முடியும்போது இரண்டாவதில் அதே பிரேக்கைத் தொடங்குவார். அது ஓடுகையில் முதலாவதைப் பின்னுக்கு இழுத்து வைப்பார். சில விநாடி மேளம் பல நிமிடத்துக்கு நீளும்.

கையால் செய்த இந்தக் காரியத்தை இயந்திரம் செய்யத் தொடங்கியது 1980-களில். அதற்கு முதலில் ஒலி எண்ணாக மாற வேண்டும்.

ஒலி என்பது காற்றழுத்தத்தின் ஏற்ற இறக்கம். ஒலிவாங்கி அதை மின்னழுத்தத்தின் ஏற்ற இறக்கமாக்கித் தருகிறது. அந்த வளைகோட்டை விநாடிக்குப் பல்லாயிரம் முறை அளந்து, ஒவ்வொரு அளவையும் ஓர் எண்ணாக எழுதி வைப்பதுதான் சாம்ப்ளிங். புள்ளிகளுக்கு நடுவே இருந்த கோடு தொலைந்து போகாதா என்று கேட்கலாம். புள்ளிக்கோலத்தில் புள்ளியை வரிசையாக வைத்துவிட்டால் கோடு எங்கே வளைய வேண்டும் என்பது தெரிந்துவிடுவதைப்போல, அளவுகள் போதிய நெருக்கத்தில் இருந்தால் அவற்றின் வழியே போகக்கூடிய ஒலிக்கோடு ஒன்றே ஒன்றுதான். எவ்வளவு நெருக்கம் வேண்டும்? பதிய வேண்டிய மிக உயர்ந்த அதிர்வெண்ணின் இரண்டு மடங்குக்குச் சற்று மேலே. நைக்விஸ்ட், ஷனன் என்ற இருவரின் பெயரால் அழைக்கப்படும் தேற்றம் இது. நம் காதுக்கு எட்டும் எல்லை ஏறத்தாழ 20,000 ஹேர்ட்ஸ். ஆகவேதான் இறுவட்டில் விநாடிக்கு 44,100 அளவுகள்.

அன்றைய நினைவகம் விலை உயர்ந்தது. 1987-இல் சந்தைக்கு வந்த ஈமு நிறுவனத்தின் எஸ்பி-1200 ஹிப் ஹொப் உலகம் கொண்டாடிய கருவி. அது விநாடிக்கு 26,040 முறை அளக்கும். ஒவ்வோர் அளவும் 12 பிட். அதாவது 4,096 படிநிலைகளில் ஒன்று. மொத்த நினைவகம் 10 விநாடி. ஒரு துணுக்குக்கு அதிகபட்சம் இரண்டரை விநாடி.

அந்த இரண்டரை விநாடிக்குள் என்ன அடங்கும்? நிமிடத்துக்கு 100 தட்டு வேகத்தில் ஓடும் தாளத்தில் ஒரு தட்டுக்கு 0.6 விநாடி. நான்கு தட்டு கொண்ட ஒரு முழுச் சுற்றுக்கு 2.4 விநாடி. மயிரிழையில் அடங்கிவிடுகிறது. அதைவிட நீளமான துணுக்கு வேண்டியவர்கள் ஓர் உபாயம் கண்டார்கள். நிமிடத்துக்கு 33⅓ சுற்று வேகத்தில் ஓட வேண்டிய நீள்தட்டை 45 சுற்றில் ஓட்டிப் பதிவார்கள். வேகம் 1.35 மடங்காகிறது. அதனால் ஏறத்தாழ 3.4 விநாடி இசை இரண்டரை விநாடிக்குள் நுழைகிறது. பிறகு கருவிக்குள் அதை மெதுவாக்கிப் பழைய வேகத்துக்குக் கொண்டுவருவார்கள்.

இதற்கு ஒரு விலை உண்டு. 26,040-இல் பாதி 13,020. அதற்கு மேற்பட்ட ஒலி அந்தக் கருவிக்குள் சரியாகப் பதியாது. மெதுவாக்கிய பிறகு அந்த எல்லையும் 9,600 ஹேர்ட்ஸ் அளவுக்கு இறங்கிவிடும். உச்சத்து மினுமினுப்பு போய்விடுகிறது. கருவியின் கணக்குக்குள் அடங்காத அதிர்வுகள் வேறு சுருதியில் பொய்யாகத் தலைகாட்டி ஒரு சொரசொரப்பைச் சேர்க்கின்றன. அந்தக் காலத்து ஹிப் ஹொப் மேளத்தின் கனத்த, மண் படிந்த தொனி இந்தப் பற்றாக்குறையில் பிறந்தது. இன்று நினைவகத்துக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் அந்தத் தொனியை வேண்டி, மென்பொருள் எழுதி அதைச் செயற்கையாக உண்டாக்குகிறார்கள்.

துணுக்கை எடுத்தபின் அதை 'லூப்' எனப்படும் வட்டமாக்க வேண்டும். முடியும் இடத்து எண்ணும் தொடங்கும் இடத்து எண்ணும் ஒட்டாவிட்டால் ஒவ்வொரு சுற்றிலும் 'டக்' என்றொரு சத்தம் கேட்கும். எனவே அலை பூச்சியத்தைக் கடக்கும் புள்ளியில் வெட்டுவார்கள். நீளமும் துல்லியமாக இருக்க வேண்டும். ஒரு சுற்றுக்கு நூறில் ஒரு பங்கு விநாடி பிசகினாலே, நூறு சுற்றில் ஒரு விநாடி விலகிவிடும். நல்ல லூப் என்பது தையல் தெரியாத வட்டம்.

அந்த வட்டம் ஏன் சலிப்பதில்லை? மூளை ஓர் ஓயாத கணிப்பாளர். அடுத்த தட்டு எப்போது விழும் என்று முன்கூட்டியே ஊகித்து, ஊகம் பலிக்கையில் மகிழ்கிறது. இன்னொரு விந்தையை டயானா டொய்ச் என்ற உளவியலாளர் 1995-இல் கண்டார். பேச்சின் ஒரு சிறு தொடரைப் பதிந்து திரும்பத் திரும்ப ஒலிக்க விட்டபோது, சில சுற்றுகளுக்குப் பிறகு அது பேச்சாகக் கேட்கவில்லை, பாட்டாகக் கேட்டது. ஒலியில் ஒரு மாற்றமும் இல்லை, மாறியது கேட்பவரின் கவனம். பொருளைப் புரிந்துகொண்ட மூளைக்கு இப்போது சுருதியையும் இடைவெளியையும் கவனிக்க நேரம் கிடைக்கிறது. மேள லூப்பிலும் அப்படித்தான். முதல் சுற்றில் தாளம் கேட்கும். பத்தாவது சுற்றில் மேளக்காரரின் கை கேட்கும்.

அந்தக் கையில்தான் எல்லாம் இருக்கிறது. ஜேம்ஸ் பிரவுனின் 'ஃபங்கி ட்ரம்மர்' 1969 நவம்பரில் பதிவாகி 1970-இல் வெளிவந்தது. அதில் கிளைட் ஸ்டபிள்ஃபீல்ட் தனியே வாசிக்கும் 20 விநாடியளவான பகுதி, பிற்காலத்தில் மிக அதிகமாக வெட்டி எடுக்கப்பட்ட துணுக்குகளில் ஒன்றானது. 1989-இல் வந்த பப்ளிக் எனமி குழுவின் 'ஃபைட் த பவர்' அதை எடுத்தாண்ட பாட்டுகளில் ஒன்று. உரத்த தட்டுகளுக்கு நடுவே காதில் விழுந்தும் விழாததுமான மெல்லிய தட்டுகளை ஸ்டபிள்ஃபீல்ட் தூவிக்கொண்டே போவார். ஒவ்வொன்றும் கடிகாரக் கணக்கிலிருந்து ஆயிரத்தில் சில பங்கு விநாடி முன்னே பின்னே விழும். சமமாக அடிக்கும் இயந்திரத்திடம் இல்லாத அசைவு அங்கே இருக்கிறது. சட்டனூகா நகரத்தில் சிறுவனாக இருந்தபோது தொழிற்சாலை ஓசையிலும் ரயில் ஓசையிலும் தாளம் கற்றதாக அவரே சொல்லியிருக்கிறார். இறப்பர் அரைக்கும் ரோலர் ஓசைக்கும் தேயிலை ஃபெக்டரி இரைச்சலுக்கும் நடுவே வளர்ந்த எட்டியாந்தோட்டை, தெரணியகலைப் பிள்ளைகளுக்கு இது எளிதில் விளங்கும்.

நம் தப்பை இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். வட்டமான மரச்சட்டம், ஒரு பக்கம் மட்டும் தோல். வலக்கையில் தடித்த சிறு குச்சி, இடக்கையில் மெல்லிய நீண்ட குச்சி. தடித்தது தோலின் நடுப்பகுதியில் விழும்போது 'தம்' என்ற அடி எழும். மெல்லியது தோலோடு படிந்து விழும்போது சுள்ளென்ற ஒலி தெறிக்கும். ஒரு கை தாளத்தைத் தாங்க, மறு கை இடைவெளிகளை நிரப்புகிறது. மெல்லிய குச்சி தூவும் அந்தச் சிறு தட்டுகள்தான் ஆட்டக்காரரின் காலை எழுப்புபவை.

அடிப்பதற்கு முன் நெருப்பில் காய்ச்சுவதைப் பார்த்திருப்பீர்கள். இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கும் மேல் மழை பெய்கிறது. காற்றின் ஈரத்தைத் தோல் உறிஞ்சித் தளர்ந்துவிடும். அடித்தால் தொப்பென்று கிடக்கும். தென்னோலையையோ கடதாசியையோ கொளுத்தி அந்தச் சுவாலையில் தப்பைச் சுற்றிச் சுற்றிக் காட்டுவார்கள். ஈரம் ஆவியாகத் தோல் சுருங்கி விறைக்கும். நடுவில் விரலால் சுண்டிப் பார்த்து, போதாவிட்டால் மறுபடி காட்டுவார்கள். தோலின் அதிர்வெண் அதன் இழுவிசையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. இழுவிசை இரண்டு மடங்கானால் சுருதி 1.41 மடங்கு உயரும். ஷட்ஜத்திலிருந்து பிரதி மத்தியமத்துக்கு ஏறிய கணக்கு. மழைக்கால இரவில் கூத்து நடுவே தப்பை மீண்டும் மீண்டும் நெருப்புக்குக் கொண்டுபோவது இதனால்தான்.

வட்டத் தோலின் அதிர்வுகள் 1, 1.59, 2.14, 2.30 என்று ஒன்றுக்கொன்று ஒட்டாத விகிதத்தில் எழுகின்றன. மிருதங்கத்தில் கரிய பசையைத் தடவி இந்த விகிதத்தை 1, 2, 3 என்று சுருதிக்குள் கொண்டுவருகிறார்கள், சி.வி. இராமன் 1920-இலும் 1934-இலும் அதை ஆராய்ந்து எழுதினார். தப்பில் அந்தப் பசை இல்லை. ஒரே அடியில் தாழ்ந்ததும் உயர்ந்ததுமான பல அதிர்வுகள் கூட்டமாகக் கிளம்புகின்றன. அதனால் அடி கூர்மையாக விழுகிறது, மலை கடந்து போகிறது. எதிரே 170 மீற்றர் தூரத்தில் ஒரு மலைச்சரிவு இருந்தால், அடி அங்கே மோதித் திரும்பிவர ஒரு விநாடி. மலையும் தாளத்தில் சேர்ந்துகொள்கிறது. நல்ல பதிவில் அந்த எதிரொலியும் இருக்கும். இடத்தின் வடிவம் ஒலிக்குள் தங்கிவிடும்.

காலையில் பெரட்டு எனப்படும் ஆள் கணக்கெடுப்புக்குத் தொழிலாளரைக் கூட்டியது தப்பு. மாசியில் காமன் கூத்துக்கு அடித்தது தப்பு. மாரியம்மன் திருவிழாவுக்கும் சாவு வீட்டுக்கும் அடித்தது தப்பு. மலையகக் கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளை தம் தேயிலைத் தோட்டக் கவிதையை விடியற்கால மேளச் சத்தத்தில்தான் தொடங்கினார். மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்தவரும் அவரே. அவர் தொகுத்தது சொற்களை. அந்தச் சொற்களுக்குக் கீழே ஓடிய அடிகள் தாளில் ஏறவில்லை.

சாம்ப்ளிங் என்னும் கலை, ஹிப் ஹொப்பின் சொற்கலையான ராப்போடு, தமிழுக்கும் வந்தது. 1994-இல் 'காதலன்' படத்தின் 'பேட்டை ராப்' தமிழகத்துக்கு ராப்பை அறிமுகம் செய்தது. 2006-இல் மலேசியாவின் யோகி பி, டொக்டர் பேர்ன், எம்சீ ஜெஸ் ஆகியோர் 'வல்லவன்' இசைத்தொகுப்பில் 'மடை திறந்து' பாட்டை வெளியிட்டார்கள். அதன் அடித்தளம், 1980-இல் 'நிழல்கள்' படத்துக்காக இளையராஜா இசையமைத்து எஸ்.பி. பாலசுப்பிரமணியம் பாடிய பாட்டு. ஜேம்ஸ் பிரவுனின் தட்டுகள் பிரொங்ஸ் வீடுகளில் எந்த இடத்தில் இருந்தனவோ, அந்த இடத்தில் மலேசியத் தமிழ் வீடுகளில் இளையராஜா இருந்தார். பெற்றோர் கேட்ட இசையைப் பிள்ளைகள் வெட்டி எடுத்துத் தம் காலத்துக்குத் தைத்துக்கொண்டார்கள். எதுகையும் மோனையும் ஊறிய மொழிக்கு ராப் அந்நியமாகவும் இருக்கவில்லை. ராக்கிம் ஒரே அடிக்குள் பல இடங்களில் ஒலியை ஒட்ட வைத்தபோது ஆங்கில ராப் உலகம் வியந்தது. நம் செய்யுளில் அந்தப் பயிற்சி நெடுங்காலமாக உண்டு.

2021 மார்ச்சில் வந்த 'எஞ்ஜாயி எஞ்சாமி' நம் கதைக்கு இன்னும் நெருக்கமானது. சந்தோஷ் நாராயணன் இசையில் தீ, அறிவு என்ற பாடகர்கள் பாடியது. அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, பின்னர் தமிழகம் திரும்பியவர். 1948-இல் மலையகத் தமிழரின் குடியுரிமை பறிக்கப்பட்டு, 1964-இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் 525,000 பேரை இந்தியா ஏற்பதென முடிவான வரலாறு, ஒரு பேரனின் ராப்பில் ஒப்பாரித் தொனியோடு உலகம் கேட்கும் பாட்டாயிற்று.

மேளம் ஊர் ஊராகப் போய்விட்டது. அடித்தவர் பெயர் கூடவே போனதா? 1969-இல் வின்ஸ்டன்ஸ் குழுவின் 'ஏமன், பிரதர்' பாட்டில் கிரெகரி கோல்மன் நான்கு சுற்றுக்கு வாசித்த சில விநாடித் துணுக்கு ஆயிரக்கணக்கான பாட்டுகளில் ஒலிக்கிறது. கோல்மன் வீடின்றி 2006-இல் இறந்தார். அந்தக் குழுவின் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சருக்கு 2015-இல் இரசிகர்கள் திரட்டிக் கொடுத்த ஏறத்தாழ 24,000 பவுண்தான் அத்துணுக்கின் பேரில் அவர் கைக்கு வந்த பெரிய தொகை. ஸ்டபிள்ஃபீல்ட் 2017-இல் இறக்கும்வரை தம் துணுக்குகளுக்கு உரிமைப்பணம் என்று பெரிதாக எதுவும் பெறவில்லை. 1991 டிசம்பரில் அமெரிக்க நீதிமன்றம் ஒன்று, அனுமதியின்றிப் பிறர் பாட்டிலிருந்து துணுக்கெடுப்பது தவறு எனத் தீர்ப்பளித்தது. அதன்பின் துணுக்குகளுக்குப் பணம் கைமாறுவது வழக்கமாயிற்று. ஆனால் அது பாட்டின் உரிமை யார் பெயரில் எழுதப்பட்டிருந்ததோ அவர்களுக்கே போனது. மேளக்காரரின் பெயர் அந்தத் தாளில் இல்லை.

நம் தோட்டங்களில் நிலை அதைவிட மோசம். அமெரிக்காவில் பெயர் விடுபட்டது, ஒலியாவது மிஞ்சியது. இங்கே பெரும்பாலும் ஒலியே பதியப்படவில்லை. தப்பு அடிப்பவரைத் தாழ்வாகப் பார்க்கும் சாதிமனம் கடல் கடந்து தோட்டத்துக்கும் வந்தது. அதனால் அவர்கள் கலைஞர்கள் என்றழைக்கப்படாமலே காலம் கழித்தார்கள். அவர்களுடைய பிள்ளைகள் பலர் அந்த அவமதிப்புக்கு அஞ்சிக் குச்சியைக் கீழே வைத்துவிட்டார்கள். அதற்கு அவர்களைக் குறை சொல்ல முடியாது. அவமதித்த சமூகத்துக்குத்தான் ஒரு கடன் இருக்கிறது.

அந்தக் கடனைத் தீர்க்கத் தொடங்க இன்று கையில் இருக்கும் தொலைபேசி போதும். எஸ்பி-1200 மொத்தமாகப் பத்து விநாடியை விழுங்கத் திணறியது. உங்கள் தொலைபேசி மணிக்கணக்கில் பதியும். பலாங்கொடையிலோ இறக்குவானையிலோ எட்டியாந்தோட்டையிலோ தப்பு அடிக்கத் தெரிந்த பெரியவர் ஒருவர் உங்கள் தோட்டத்தில் இருந்தால் அவரிடம் போய் அனுமதி கேளுங்கள். தொலைபேசியைச் சற்றுத் தள்ளி வையுங்கள். மிக அருகில் வைத்தால் அடியின் உச்சி நறுக்குண்டு போகும். தப்பைக் காய்ச்சுவதற்கு முன் ஒன்று, காய்ச்சியபின் ஒன்று எனப் பதியுங்கள். ஒவ்வோர் அடியையும் முதலில் தனித்தனியாகவும், பிறகு முழுத் தாளத்தை இரண்டு நிமிடத்துக்கு நிறுத்தாமலும் அடிக்கச் சொல்லுங்கள். சாவு அடி, திருவிழா அடி, காமன் கூத்து அடி எது என்று அவர் வாயாலேயே சொல்லவையுங்கள். வாட்ஸ்அப் குரல் பதிவாக அனுப்பி நுணுக்கத்தைத் தொலைக்காமல் மூலக் கோப்பையே சேமியுங்கள். அவர் பெயர், தோட்டம், டிவிசன், தேதி, யாரிடம் கற்றார் என்பதை எழுதி வையுங்கள். அவர் சம்மதித்தால் நம் தமிழ் ஆவணங்களை மின்வடிவில் காக்கும் நூலகம் நிறுவனம் போன்ற இடத்துக்கு ஒரு பிரதி கொடுங்கள்.

நாளைக்கு ஒரு பேரனோ பேத்தியோ அதிலிருந்து இரண்டரை விநாடியை வெட்டிப் புதிய பாட்டொன்றைக் கட்டக்கூடும். அப்போது அந்தப் பாட்டின் தாளில் அடித்தவரின் பெயர் முதல் வரியில் இருக்க வேண்டும். அந்தப் பெயரை இன்றே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.